ஜி எங்கே போச்சு? – ஆங்கில 'ங்' ஒலியின் கதை

2021 ஜூலை மாதக் கடைசி. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்தது. பிபிசி தொலைக்காட்சியில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர்களில் அலெக்ஸ் ஸ்காட்டும் ஒருவர். இங்கிலாந்து பெண்கள் கால்பந்து அணியில் ஆடிய அதே அலெக்ஸ் ஸ்காட்தான். திடீரென்று டிக்பி ஜோன்ஸ் என்ற பிரபு ட்விட்டரில் பொங்கிவிட்டார். இந்தப் பெண்ணுக்கு வார்த்தைக் கடைசியில் வரும் 'ஜி' எழுத்தைச் சொல்லவே வரவில்லை, ஒலிம்பிக்ஸைப் பார்க்கிற சந்தோஷமே போய்விட்டது, யாராவது உச்சரிப்பு வகுப்பு எடுக்கக் கூடாதா என்பது அவர் புலம்பல். ரோயிங், பாக்ஸிங், ஸ்விம்மிங் என்பதையெல்லாம் அலெக்ஸ் 'ரோயின், பாக்ஸின், ஸ்விம்மின்' என்கிறாராம். அப்போதைய உள்துறை அமைச்சரையும் சேர்த்து அதே குற்றத்துக்காக ஒரு பிடி பிடித்தார். அலெக்ஸும் விடவில்லை. நான் கிழக்கு லண்டன் பாப்லரில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள், என் பேச்சு எனக்குப் பெருமைதான் என்று பதில் போட்டார்.

நம்மைப் போன்ற வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: இந்த டிக்பி ஜோன்ஸ், பிரிட்டிஷ் தொழில் கூட்டமைப்பின் தலைமை இயக்குநராக இருந்தவர். 2007-08ல் வர்த்தக அமைச்சராகவும் இருந்தார்.

இந்தச் சண்டையில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், பிரபு சொன்ன அந்த 'ஜி' அவர் வாயிலும் இல்லை. எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதைவிட வேடிக்கை, நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்துப் பிரபுக்களே 'ஹண்டின், ஷூட்டின், ஃபிஷின்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படி என்று பார்ப்போம். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஒரு சின்ன சோதனை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள். (ஹாஸ்டலில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யவும்.) சத்தம் நின்றுவிடும். ஏனென்றால் உதடு மூடியிருக்கிறது, காற்று மூக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். 'ப' சொல்லும்போதும் உதடு அதே இடத்தில்தான் மூடுகிறது. மூக்கு வாசல் திறந்திருந்தால் 'ம்', அடைத்திருந்தால் 'ப்'. இதே மாதிரி 'க' சொல்வதற்கு நாக்கின் அடிப்பகுதி மேல்வாயின் பின்பக்கத்தைத் தொடும். நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு காற்றை மூக்கு வழியே விட்டால் வருவது 'ங்'. கவையும் ஙவையும் ஒரே இடத்தில் பிறப்பவை என்று தொல்காப்பியம் அப்போதே சேர்த்துச் சொல்லிவிட்டது.

தமிழில் மெல்லினம் ஆறு. ஆங்கிலத்தில் மூக்கொலிகள் மூன்றே மூன்று: ம், ன், ங். இதில் மூன்றாவதுக்கு எழுத்தே கிடையாது. என், ஜி என்று இரண்டு எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பேற்றுகிறார்கள். நம் கதை நேர் எதிர். நம்மிடம் 'ங' என்று ஒரு எழுத்து ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, ஆனால் தனியாக அதற்கு வேலையே இல்லை. தங்கம், சங்கம், பங்கு என்று எப்போதும் ஒரு 'க' துணைக்கு வர வேண்டும். எந்தத் தமிழ்ச் சொல்லும் 'ங்' என்று முடியாது. விதிவிலக்காக ஒரு சொல்லை நாம் எல்லோரும் பள்ளியில் எழுதியிருக்கிறோம். கடிதத்தின் அடியில் வருமே, 'இங்ஙனம்'. அதில் 'க' கிடையாது, ஙவுக்குப் பின் ஙவே வருகிறது. அதையும் பாதிப் பேர் 'இங்கனம்' என்று எழுதி மதிப்பெண் இழந்திருப்பார்கள். தமிழ் நாக்குக்கு ங் வந்தால் க வந்தே தீர வேண்டும்!

இன்னொரு சாட்சி: 'மீட்டிங்' என்ற சொல்லோடு 'இல்' சேர்த்தால் நாம் என்ன எழுதுகிறோம்? 'மீட்டிங்கில்'. இந்த 'க' எங்கிருந்து வந்தது? யாரும் யோசிப்பதில்லை.

இந்த 'மீட்டிங்கில்' நிலைமையில்தான் ஒரு காலத்தில் ஆங்கிலமும் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'பாடு' என்ற வினைச்சொல் 'சிங்கன்'. நம் 'சங்கம்' மாதிரி, ஙவும் கவும் இரண்டும் முழுசாக ஒலிக்கும். அப்போது 'ங்' தனி ஒலி இல்லை. கவுக்கு முன்னால் வரும்போது 'ன்' எடுக்கிற வேஷம், அவ்வளவுதான். அதனால் அதற்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை, என்-னும் ஜி-யும் போதும். அந்த எழுத்துக்கூட்டல் அன்றைக்குச் சரியாகவே இருந்தது.

பிறகு நாக்கு சோம்பல் பட்டது. ஒரே இடத்தில் இரண்டு ஒலி, முதலில் மூக்கு வழியே, அடுத்து வாய் வழியே. இரண்டாவதை விட்டுவிட்டால் என்ன? இதற்கு முன்பே 'ம்ப'வில் இது நடந்து முடிந்திருந்தது. ஆட்டுக்குட்டிக்கும் சீப்புக்கும் ஆங்கிலத்தில் கடைசியில் 'பி' எழுதுகிறார்களே, லாம்ப், கோம்ப் என்று ஒரு காலத்தில் உண்மையாகவே அந்த 'ப' ஒலித்தது. பின்னால் தேய்ந்து 'லாம்', 'கோம்' ஆகிவிட்டது. (ஆனால் கட்டைவிரலுக்கான 'தம்' என்ற சொல்லில் பழைய ஆங்கிலத்தில் 'ப' இருந்ததே இல்லை. மற்ற சொற்களைப் பார்த்து எழுதியவர்கள் தாங்களாகவே ஒரு 'பி'யைச் சேர்த்துவிட்டார்கள். சும்மா இருக்கிற எழுத்துக்கு இப்படிக் கூட்டம் சேர்ந்தால் நாம் எழுத்துக்கூட்டல் தேர்வில் என்னதான் செய்வது?)

சொல்லின் கடைசியில் வந்த 'ங்க்' லண்டன் பேச்சில் 'ங்' ஆகத் தேய்ந்தது 1600ஐ ஒட்டிய காலத்தில். அதாவது ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டுக்கொண்டிருந்த அதே ஊரில், அதே காலகட்டத்தில். சின்ன மாற்றம்தான். ஆனால் அதன் விளைவு பெரியது. முன்பு 'பாவம்' என்று பொருள்படும் 'சின்' வேறு, 'பாடு' என்ற 'சிங்க்' வேறு என்று காட்டியது கடைசியில் வந்த 'க்'. அது போன பிறகு, ன் வேறு ங் வேறு என்பது மட்டுமே மிச்சம். வேஷம் போட்ட 'ன்', தனி ஆளாகவே ஆகிவிட்டது. ஒரு மொழிக்குப் புதிதாக ஒரு மெய்யொலி கிடைப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. ஆங்கிலத்துக்கு அது கிடைத்து சுமார் 400 வருடம்தான் ஆகிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு அச்சு அசலாக ஒரு உதாரணம் இருக்கிறது. நம் 'தேங்காய்' மலையாளத்தில் 'தேங்ங'. 'மாங்காய்' அங்கே 'மாங்ங'. 'நீங்கள்' என்பது 'நிங்ஙள்'. அதே தேய்மானம், அதே நாக்கு, அதே சோம்பல். ஆகவே உங்கள் வகுப்பில் கேரளத்து நண்பர் இருந்தால் 'பாடகர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நாம் 'சிங்கர்' என்போம். லண்டன்காரர் சொல்வது 'சிங்ஙர்'. மலையாளிக்கு அது தேங்ங உடைக்கிற வேலைதான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். விரலுக்கான ஆங்கிலச் சொல் 'ஃபிங்கர்'. அதில் 'க' இருக்கிறது! ஒரே எழுத்துக்கூட்டல், ஒன்றில் க உண்டு, ஒன்றில் இல்லை. காரணம், 'சிங்ஙர்' என்பது 'சிங்' என்ற சொல்லோடு 'அர்' ஒட்டியது. 'சிங்'கில் க போய்விட்டதால் ஒட்டினாலும் திரும்பி வரவில்லை. 'ஃபிங்கர்' பிரிக்க முடியாத ஒரே சொல், அதன் நடுவில் இருந்த 'க' பத்திரமாகத் தப்பித்துவிட்டது. பசிக்கான 'ஹங்கர்', கோபத்துக்கான 'ஆங்கர்' எல்லாம் இந்த வகை. சட்டை மாட்டும் 'ஹாங்ஙர்' முதல் வகை. சரி, விதி புரிந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்தால் 'லாங்' என்பதோடு 'அர்' சேரும்போது மட்டும் 'லாங்கர்' என்று க வந்து நிற்கும். யங்கர், ஸ்ட்ராங்கர் இரண்டும் அப்படியே. இதற்கெல்லாம் ஆங்கிலத்தைக் கோபித்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை.

ஜெர்மனியில் இந்தத் தேய்மானம் இன்னும் ஒரு படி மேலே போய், விரலில் இருந்த 'க'வும் போய்விட்டது. அங்கே 'ஃபிங்ஙர்'. மறுபக்கம் மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்ஹாம் பக்கங்களில் இந்த மாற்றம் முழுசாகப் போய்ச் சேரவே இல்லை. அங்கே பலர் இன்றைக்கும் 'சிங்கர்' என்று நம்மைப் போலவே கவோடு சொல்கிறார்கள், பழைய ஆங்கிலத்தின் மிச்சமாக.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. போன பருவத்தில் எங்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி என்று இரண்டு நாள் நடந்தது. நம் பாடங்களே பேங்கிங், மார்க்கெட்டிங், ஆடிட்டிங், அக்கவுண்டிங் என்று 'இங்' பட்டியல்தானே. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு பையனை எழுப்பி நிற்கவைத்து, கடைசி 'ஜி' காதில் விழவில்லை, இன்னும் அழுத்தி, இன்னும் அழுத்தி என்று ஏழெட்டுத் தடவை 'அக்கவுண்டிங்' சொல்லவைத்தார். அவன் கடைசியில் 'அக்கவுண்டிங்க்கு' என்று முடித்ததும்தான் திருப்தியாகி உட்காரச் சொன்னார். முதல் தடவை அவன் சொன்னது லண்டன் அகராதியில் இருக்கிற உச்சரிப்பு. அவனுக்கு அன்று முழுக்க முகமே சரியில்லை. அதற்கப்புறம் குழு விவாதத்தில் வாயைத் திறக்கவும் இல்லை.

இப்போது பிரபு சொன்ன விஷயத்துக்கு வருவோம், அந்த 'இன்'னும் 'இங்'கும். இதில் 'ஜி'யை விழுங்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. விழுங்குவதற்கு அங்கே ஜி இல்லையே! 'பாக்ஸிங்' என்பது 'பாக்ஸின்' ஆகும்போது நடப்பது ஒரு மூக்கொலிக்குப் பதில் இன்னொரு மூக்கொலி வருவது மட்டும்தான். உண்மையாகவே ஜி-யை விழுங்கியவர்கள் 'சிங்' என்று சொல்கிறவர்கள், அதாவது பிரபுவும் சேர்த்து.

இந்த 'இன்' சோம்பேறிகளின் கண்டுபிடிப்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனி விகுதிகள் இருந்தன. 'கற்றல்' என்று தொழிற்பெயர் ஆக்குவதற்கு 'உங்' அல்லது 'இங்': லெயொர்னுங். 'கற்கிற' என்று வினையோடு வருவதற்கு 'எண்டெ': லெயொர்னெண்டெ. இடைக்காலத்தில் இந்த இரண்டாவது விகுதி இங்கிலாந்தின் தெற்கே 'இண்டெ' என்றும் வடக்கே 'அண்ட்' என்றும் ஆகி, மெல்ல மெல்ல எழுத்தில் முதல் விகுதிக்குள் கரைந்துவிட்டது. எழுத்தில் ஒரே 'இங்'. ஆனால் பேச்சில்? ஆன் ஹூஸ்டன் என்ற ஆய்வாளர் 1985ல் தன் ஆய்வேட்டில் ஒரு விஷயத்தைக் காட்டினார். இன்றைக்கும் 'இன்' என்ற உச்சரிப்பு வினையாக வரும்போது அதிகம், பெயராக வரும்போது குறைவு. 'நான் வேலை பார்க்கிறேன்' என்பதில் 'வொர்க்கின்' என்பவர்கூட, கட்டிடத்தைச் சொல்லும்போது 'பில்டிங்' என்கிறார். செத்துப்போனதாக நினைத்த 'இண்டெ' விகுதி ட-வை மட்டும் உதிர்த்துவிட்டு, எழுதத் தெரியாதவர்கள் வாயில் ஆயிரம் வருடம் உயிரோடு இருந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது.

எழுதத் தெரியாதவர்கள் என்று சொன்னேனா? அது பாதிதான் சரி. நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். ஜான் வாக்கர் என்று ஒருவர். நடிகராக இருந்து உச்சரிப்பு ஆசிரியர் ஆனவர். 1791ல் அவர் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியைத்தான் இங்கிலாந்தில் ஆசைப்பட்டு முன்னேறத் துடித்தவர்களெல்லாம் வேதம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். அந்த வாக்கரே என்ன சொல்கிறார் தெரியுமா? பொதுவாக 'இங்' நல்லது, ஆனால் சிங்ஙிங், பிரிங்ஙிங் மாதிரி ஏற்கெனவே ஒரு 'ங்' இருக்கிற சொற்களில் இரண்டு தரம் மணியடித்த மாதிரி கேட்கும், அதனால் நன்றாகப் பேசுகிறவர்கள் அங்கே 'சிங்ஙின்', 'பிரிங்ஙின்' என்கிறார்கள், அதுவே மேல் என்கிறார். உச்சரிப்பு வகுப்பின் தாத்தாவே 'இன்'னுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்!

பிறகு எப்போது மாறியது? ஹென்றி செசில் வைல்ட் என்ற மொழி வரலாற்று ஆசிரியர் 1920ல் வெளியிட்ட நூலில், 1820களை ஒட்டி 'இங்'குக்கு ஆதரவாக ஒரு அலை அடித்ததாகச் சொல்கிறார். அவர் கணிப்பில் 'இன்'தான் பழையது, 'இங்' எழுத்தைப் பார்த்து வந்த புதுப் பழக்கம். என் பார்வையில் இதற்கு வணிகவியல் காரணம் ஒன்று உண்டு. அது தொழிற்புரட்சிக் காலம். கடை வைத்தவர், மில் வைத்தவர், கணக்கு எழுதியவர் என்று ஒரு புதிய நடுத்தர வர்க்கம் மேலே வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு நல்ல ஆங்கிலம் வீட்டில் கிடைக்கவில்லை, புத்தகத்தில் கிடைத்தது. புத்தகத்தில் ஜி இருந்தது. அதனால் சொன்னார்கள். 'இன்' எல்லாமே தப்பு என்று பயந்துபோய் சமையலறையான 'கிச்ச'னைக்கூட 'கிச்சிங்' என்றவர்கள் உண்டு.

தொழிலாளிக்கு இந்தப் பயம் இல்லை, பழையபடியே பேசினார். பிரபுவுக்கும் இல்லை. அவருக்கு யாரிடம் எதை நிரூபிக்க வேண்டும்? நாய், துப்பாக்கி, தூண்டில் சகிதம் 'ஹண்டின், ஷூட்டின், ஃபிஷின்' என்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். டாரதி சேயர்ஸ் 1923 முதல் எழுதிய துப்பறியும் கதைகளின் நாயகன் லார்ட் பீட்டர் விம்ஸி, கோமகன் வீட்டுப் பிள்ளை, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அவர் பேச்சில் வரிக்கு வரி 'இன்'தான். அன்றைய வாசகர்கள் அதை மேட்டுக்குடியின் அடையாளமாகத்தான் படித்தார்கள். மேலேயும் 'இன்', கீழேயும் 'இன்', நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் 'இங்'.

பிறகு மேல்தட்டின் 'இன்' மெல்ல மறைந்தது, கீழ்த்தட்டின் 'இன்' மட்டும் மிஞ்சியது. பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் நார்விச் நகரத்தில் ஆய்வு செய்து 1974ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இயல்பான பேச்சில் தொழிலாளர் வர்க்கத்தின் அடிமட்டத்தில் இருப்பவர்கள் 100க்கு 100 'இன்' சொன்னார்கள். நடுத்தர வர்க்கத்தின் நடுப்பகுதியில் இருப்பவர்கள் 28 சதவீதம் மட்டும். ஆக, யாருமே முழுக்க 'இங்' இல்லை! அதற்கும் முன்பு, 1958ல் ஜான் ஃபிஷர் என்பவர் அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துப் பக்கம் ஒரு கிராமத்தில் 24 குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்தார். சமர்த்துப் பையன் 'இங்' அதிகம், குறும்புப் பையன் 'இன்' அதிகம். அதிலும் படிப்பது, திருத்துவது என்று பள்ளிக்கூட வாசனை அடிக்கிற சொற்களுக்கு 'இங்'. குத்துவது, நீந்துவது, மெல்லுவதற்கெல்லாம் 'இன்'. பத்து வயதுகூட ஆகாத குழந்தைகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

ஜி ஒலிக்காத இடத்தில் ஜி எழுதுவதால் வந்த வினைதான் இத்தனையும். தனி எழுத்து ஒன்று இருந்திருந்தால்? இருந்தது என்பதுதான் விசேஷம். அலெக்சாண்டர் கில், லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியின் தலைமை ஆசிரியர், கவிஞர் மில்டன் படித்த பள்ளி. பிரம்புக்குப் பேர்போனவர். அவர் 1619ல் ஆங்கில ஒலிகளைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில் இந்தப் புது ஒலிக்கு ஒரு எழுத்தே செய்து கொடுத்தார். 'என்' எழுத்து, அதன் வலது காலில் 'ஜி'யின் வால். பார்த்தாலே புரிகிற மாதிரி. ஒலி பிறந்த சூட்டோடு எழுத்தும் பிறந்துவிட்டது.

எடுபடவில்லை. 1669ல் வில்லியம் ஹோல்டர் என்ற பாதிரியார், காது கேளாத ஒரு பையனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த அனுபவத்தை வைத்துப் பேச்சொலிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்த எழுத்தைப் போட ஆசைப்பட்டார். அச்சகத்தில் அப்படி ஒரு அச்சே இல்லை. அச்சுக்கோர்ப்பவர் சில இடத்தில் 'என்' போட்டார், சில இடத்தில் 'ஒய்' போட்டார். பாவம் ஹோல்டர், பிழைத்திருத்தப் பக்கத்தில், அங்கெல்லாம் வால் முளைத்த என் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று வாசகரைக் கேட்டுக்கொண்டார். 1768ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் புதிய ஆங்கில எழுத்துமுறை ஒன்றை உருவாக்கியபோது இதையும் சேர்த்தார். அதையும் யாரும் சீண்டவில்லை.

ஆனாலும் எழுத்து சாகவில்லை. 1886ல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச ஒலியியல் சங்கத்தின் எழுத்து வரிசையில் இடம் பிடித்து, அகராதிகளில் உச்சரிப்பு காட்டும் குறியாக நிலைத்துவிட்டது. அங்கிருந்து கானா, டோகோ நாடுகளின் எவே மொழிக்கும், செனகலின் வோலோஃப் மொழிக்கும் போனது. நார்வேயின் வடகோடியில் பேசப்படும் வடக்கு சாமி மொழியின் நெடுங்கணக்கிலும் இருக்கிறது. அங்கெல்லாம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் அதை எழுதிப் பழகுகிறார்கள். எந்த மொழிக்காகச் செய்தாரோ, அந்த மொழியில் மட்டும் இன்னும் என், ஜி.